இடது காது

எப்போதிலிருந்து இந்தக் கீச்சொலி என்கிறார் டாக்டர்.
தேதியே சொல்கிறேன். அவர் பேனா நிற்கிறது.
தொண்ணூற்றாறு, டிசம்பர், இரண்டாம் சனிக்கிழமை,
கண்டோஜி ஏரிக்கரைத் திறந்தவெளி,
இரவு எட்டே முக்கால்.

மேடையில் 'பதினெட்டாம் நம்பர் பஸ்'.
அது குழுவின் பெயர், டாக்டர்.
ரங்கூன் பஸ்ஸைவிட மோசமாகக் குலுங்கும்.
டிக்கெட்டுக்கு ஒற்றைக் கொலுசை விற்றேன்.
அதன் ஜோடி ஏப்ரலிலேயே
தண்ணீர்த் திருவிழாவில், வேறொரு குழுவின் முன்னால்,
ஆடிய ஆட்டத்தில் கழன்று போயிருந்தது.
அந்தக் குழு ஒரு கொலுசுக்குப் பெறாது.
ஊரே நனைந்து நிற்க
கிடாருக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி
ஈரம் படாமல் வாசித்தவர்கள்.

எனக்குச் சில தீர்மானங்கள் உண்டு.
கண்ணை மூடி வாசிக்கும் கிடார்காரன்
தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
எல்லோரும் பாடகனைப் பார்க்கட்டும்,
நான் டிரம்ஸைப் பார்ப்பேன்.
அது தடுமாறினால்
தாலி கட்டும் நேரத்தில் மேளம் நின்ற மாதிரி.
மூன்றாவது பாட்டுக்குள் வியர்க்காதவன்
வங்கி வேலைக்குப் போகலாம்.

வெளிநாட்டு மெட்டில் பர்மியச் சொல்லை ஏற்றிப் பாடுவார்கள்.
திருட்டு என்றார்கள் படித்தவர்கள்.
எங்கள் தெருவுக்கு அசல் வந்ததே இல்லை.
நகலோடுதான் வளர்ந்தோம், நகலுக்குத்தான் அழுதோம்.
பல வருஷம் கழித்து ஒரு கேசட்டில் அசலைக் கேட்டேன்.
யாரோ நம் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றே தோன்றியது.

அன்றைக்குப் பாடியது சொந்தப் பாட்டு.
வரிகளை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்து
ஒரு சொல் வெட்டுப்பட்டுத் திரும்பியிருந்தது.
'இருட்டு.'
மின்வெட்டைக் குத்திக் காட்டுகிறதாம்.
அந்த இடம் வந்ததும் பாடகன் வாயை மூடிக்கொண்டு
மைக்கை எங்கள் பக்கம் திருப்பினான்.
அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, டாக்டர்.
சொன்னது நாலாயிரம் பேர்.

சொல்லி முடிக்கவும் கரண்ட் போயிற்று.

சிரித்தோம். அப்படியொரு சிரிப்பை
அப்புறம் இந்த ஊரில் நான் கேட்கவில்லை.
கிடார் செத்தது, மைக் செத்தது,
டிரம்ஸுக்கு மின்சாரம் எதற்கு?
அவன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான்,
நான் சொன்னேனே, அவனைத்தான் பார்க்க வேண்டும் என்று.
அன்றைக்குத்தான் அவனைப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தில் நான் மா மியா.
மரகதத்துக்கு பர்மியில் அதுதான் சொல்.
இருட்டில் ஜுலைகா தமிழில் கத்தினாள்:
"மரகதம், எங்கடி இருக்கே?"
இருபத்தொன்பதாம் தெரு வீட்டில்
கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தவள்.
"பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"
ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி.
இந்தப் பக்கம் என் இடது காது,
அந்தப் பக்கம் அவள் வலது காது.

ஜெனரேட்டரை யாரோ உதைத்தார்கள்.
அணைக்காமல் சாய்த்துவைத்த கிடார்
தானே ஊளையிட்டது.
யாரும் வாசிக்காத ஒரே சுரம்,
பல்லுக்குள் புகுந்து, முதுகில் இறங்கி,
அப்படியே தங்கிவிட்டது.

டிரம்ஸ்காரன் இப்போது தாம்வேயில்
தண்ணீர் மோட்டார் விற்கிறான்.
பாடகன் கல்யாண வீடுகளில்
சூட் போட்டுக் காதல் பாட்டு பாடுகிறான்.
இதற்கு அவன் செத்திருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன்.
வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன்.
அவனும் வாடகை கட்டவேண்டாமா?

ஜுலைகா பினாங்கில் இருக்கிறாள்.
போனை எப்போதும் இடது காதில்தான் வைத்துக்கொள்வாள்.
நான் வலதில்.
அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர்.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஹெட்போனை மாட்டுகிறார்.
சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும்.

தூக்குகிறேன்.

"ஒரு கை போதும்மா," என்கிறார்,
"ஒரு கை."